அண்ணன் குரலுக்கு நான் போட்ட பூட்டு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனின் கூடப்பிறந்த தம்பி இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பான். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் என்னை மட்டும் ஓரிரு நாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "நீ பின்சீட்டுக்குப் பொறந்தவன்டா" என்று இறக்கிவிட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் கணினிக்கு நிரல் எழுதுகிறவன். அவனவனுக்கு ஒரு வண்டி.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வக்கீல் வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னார். திறக்காமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூல நிரலையும் அதன் சாவியையும் தரமாட்டேன். உங்கள் நிபுணர் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டுபோய் நாளாகிறது. அவரால் திறக்க முடிந்திருந்தால் என்னை இவ்வளவு மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டீர்கள்.

எல்லோரும் பூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் முதன்முதலில் விற்ற நிரல் மருந்துக்கடைகளுக்கானது. பில் போடும். எந்த மருந்து காலாவதியாகப் போகிறதென்று முன்கூட்டியே எச்சரிக்கும். ஒரு நாள் தலைவலிக்கு ஏதாவது வாங்கலாமென்று, நான் விற்காத ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரரின் திரையில் 'தள்ளுபடி' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'தள்ளுப்படி' என்று இருந்தது. அந்த 'ப்' என்னுடையது. அவசரத்தில் நான் விட்ட பிழை. திரையின் மேலே வேறு யாருடைய பெயரோ இருந்தது. நிறத்தையும் மாற்றியிருந்தார்கள். என்னிடம் வாங்கிய ஒருவர் தன் மருமகனிடம் கொடுத்திருக்கிறார். அவன் அதைப் பிரித்து, உள்ளே இருந்த என் பெயரைத் துடைத்துவிட்டு, தன் சரக்கென்று தெருத்தெருவாக விற்றிருக்கிறான்.

பிரிப்பது பெரிய வித்தை இல்லை. நாங்கள் எழுதுவது மனிதன் படிக்கக்கூடிய வரிகள், அதுதான் மூல நிரல். அவற்றை இயந்திரத்துக்கு ஏற்றபடி சுருட்டிக் கொடுப்போம். சுருட்டியதை விரிப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. விரித்தால் நான் எப்படி யோசித்தேன், எந்த இடத்தில் தடுமாறினேன், எங்கே குறுக்குவழியில் போனேன் என்பதெல்லாம் வரிவரியாகத் தெரியும். துணி மாற்றும்போது எவனோ கதவைத் திறந்ததுபோல இருந்தது எனக்கு.

அண்ணனிடம் சொன்னேன். "உன் புள்ளைக்கு எவனோ பேர் வச்சிட்டான். விடு, நீ இன்னொண்ணு பெத்துக்க" என்றான். அண்ணி அவனை முறைத்தார். அவன் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவான். கார் சாவியைக்கூட ஆபீஸ் சுவரில் ஆணியடித்து, வருகிறவன் போகிறவன் கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டிவைத்திருந்தான்.

நான் அப்படி இல்லை. அன்றிலிருந்து பூட்டக் கற்றுக்கொண்டேன். பொருள் உள்ள பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளாக்குவது ஒரு முறை. சொற்களைத் துண்டுதுண்டாக மறைத்துவைத்து, ஓடும்போது மட்டும் சேரவைப்பது இன்னொன்று. எங்கும் போய்ச் சேராத சந்துகளை நடுவில் நிறையக் கட்டிவிடுவேன். பிரிக்க வந்தவன் அதில் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்துப் போவான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காவல். யாராவது ஓர் எழுத்தைத் தொட்டாலும் நிரல் ஊமையாகிவிடும். இது குற்றமில்லை. எந்தக் கம்பெனியும் செய்வதுதான்.

இனி அண்ணனைப் பற்றி.

அவனுக்கு முதலில் போனது கிளட்ச் மிதிக்கிற கால். வண்டியில்தான் கோளாறு என்று மெக்கானிக்கோடு மல்லுக்கு நின்றான். கிளட்சை மாற்றினார்கள். மாற்றியும் கனத்தது. பிறகு டம்ளர் கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறத் தொடங்கியபோது, வண்டி பழக வந்த ஒரு பெண்ணின் அப்பா ஆபீஸுக்கே வந்து, குடித்துவிட்டு வண்டியில் ஏறுகிறான் என்று கத்திவிட்டுப் போனார். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அன்று சாயங்காலமே வண்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டான். தசைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும், அறிவு மட்டும் கடைசிவரை விழித்திருக்கும் என்றார் டாக்டர்.

நாங்கள் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தெருப்பக்கம் ஆபீஸ், அதற்குப் பின்னால் அவர்கள் இருவரும், மாடியில் நான். அவன் கட்டில் என் மேசைக்கு நேர் கீழே இருந்தது. அண்ணி ஆபீஸையும் பார்த்து, வண்டியும் ஓட்டப் பழக்கி, அவனையும் கவனித்தார். குறை சொல்லமுடியாத மனுஷி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சு முழுதாகப் போனபின் அண்ணி ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதிவைத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவன் கண்ணை மேலே தூக்குவான். அரை மணி நேரம் போராடி 'தண்' வரை வருவார்கள். "தண்ணியா? தண்டமா? என்னையா சொல்றீங்க?" என்று அண்ணி கேட்பார். அவன் கண் சிரிக்கும். இருவருக்கும் அது பிடித்திருந்ததென்று நினைக்கிறேன். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மூச்சுவிடாமல் பேசுகிறவன் அவன். அவனுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று உட்கார்ந்தேன். கடைக்காரர்களின் வேலையையெல்லாம் தள்ளிவைத்தேன்.

அவன் கண்ணைப் பார்க்கும் ஒரு கேமரா. அவன் எதிரே ஒரு திரை, அதில் எழுத்துகள். எந்த எழுத்தை அவன் கொஞ்சநேரம் பார்க்கிறானோ அது பதியும். சில எழுத்துகள் வந்தாலே போதும், அவன் என்ன சொல்லவருகிறான் என்று என் நிரல் ஊகித்து முழு வாக்கியமாக்கிப் பேசிவிடும். குரலும் அவனுடையதுதான். வண்டி பழகுகிறவர்களுக்கு அவன் அனுப்பிய குரல் பதிவுகள் மலைபோலக் கிடந்தன. அவற்றிலிருந்து செய்தேன். அவன் எழுதுவது மாடியில் என் திரையிலும் ஓடும். வாக்கியம் வெளியே போவதற்குமுன் ஒரு சின்னத் தாமதம் வைத்திருந்தேன். ஊகம் தடம் மாறினால் நான் கையால் சரிசெய்வதற்காக. கீழே பேசுவதும் எனக்குக் கேட்கும். வேலை செய்ய வசதியாக இருக்கவேண்டுமே என்று செய்ததுதான்.

முதன்முதலாக அந்தக் கருவி பேசியபோது அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். "கண்ணாடியைப் பாத்து ஓட்டு, பின்னாடி லாரி வருது" என்றது அண்ணன் குரல். அண்ணி நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதற்கப்புறம் எந்தப் பாராட்டும் தேவைப்படவில்லை.

நான் முதலில் திருத்தியது எப்போது என்று கேட்டீர்கள். நாளெல்லாம் நினைவில்லை. காரணம் நினைவிருக்கிறது. அவனுக்கு முதுகில் புண் வந்திருந்த சமயம். அண்ணி புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். 'எல்லாம் நாசமாப் போகட்டும், நீயும் போ' என்று அவன் எழுதினான். காலையிலிருந்து அந்த மனுஷி உட்காரவில்லை. நான் மாடியில் இருந்தேன். அந்த வாக்கியத்தை நிறுத்தி, வேறொன்றைப் போட்டேன். "களைப்பா இருக்கும்மா" என்றது அவன் குரல். அண்ணி அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வாக்கியம் இல்லாமல் அது அவனுக்குக் கிடைத்திருக்காது. யாருக்கு என்ன நஷ்டம்?

கொஞ்சநேரம் கழித்துக் கீழே போனேன். அவன் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துகளைப் பார்க்கவில்லை. அது என்னைப் பார்ப்பதுதான் என்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் மாடியில் காத்துக்கொண்டிருக்க முடியாதென்று சில விதிகளை நிரலிலேயே எழுதிவிட்டேன். வசை வந்தால் களைப்பாகும். அண்ணி மருந்து கொடுத்தபின் அவன் எதுவும் சொல்லாவிட்டால், சற்றுப் பொறுத்து "நன்றி" என்று சொல்லும். அண்ணிக்கு யாராவது நன்றி சொல்லியே ஆகவேண்டுமென்று எனக்குத் தோன்றியது. அவன் சொல்கிறவன் இல்லை. அவன் எழுதும் எழுத்துகளைத் திரையின் மேலே காட்டுகிற வரியையும் எடுத்துவிட்டேன். கண் கூசுகிறது, அதனால்தான் என்று அண்ணியிடம் சொன்னேன். அட்டையை அலமாரியின் உச்சியில் போட்டதும் நான்தான். கண்ணை மேலே தூக்கும் பலம் அதற்குள் அவனுக்குப் போய்விட்டிருந்தது. அவன் கண்ணின் அசைவு அண்ணிக்குத் தெரியாது. என் கேமராவுக்குத்தான் தெரியும். அப்படிப் பார்த்தால் உலகத்தில் அவன் பேச்சு புரிகிற ஒரே ஆள் நான்தான்.

ஒரு நாள் அண்ணி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் 'தம்பி மாத்துறான்' என்று எழுத ஆரம்பித்தான். 'தம்பி மாத்' வரை வந்ததும் நிரல் முந்திக்கொண்டது. "தம்பிகிட்ட மாத்திரை கேளு" என்றது. சத்தியமாக அது நான் செய்ததில்லை. நாளுக்கு நான்கைந்து முறை மாத்திரை என்ற சொல் புழங்குகிற வீட்டில் எந்த நிரலும் அப்படித்தான் ஊகிக்கும். அண்ணி மாடிப்படியில் நின்று என்னிடம் கேட்டார். நான் வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, அவன் வயிற்றுக் குழாயில் விட்டார்.

அவன் மறுபடி எழுதினான். மறுபடி மாத்திரை. சாயங்காலம் இன்னொரு தடவை முயன்றான். வலி அதிகமாகியிருக்கிறது போல என்று அண்ணி கண்கலங்கினார். அந்த ஊகத்தை நான் சரிசெய்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. அதற்குப் பிறகு அவனாகவே அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டான்.

மூணாவது கியர் வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அது அண்ணன் வைத்த பட்டப்பெயர். அவனிடம் வண்டி பழகிய பெண். எவ்வளவு காலியான சாலையானாலும் மூன்றாவது கியரைத் தாண்டமாட்டாள். ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள். "இப்பவாவது நாலாவது விழுந்துச்சா?" என்று அவன் கேட்டான். அது அவன் கேட்டதுதான். நான் தொடவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்ததாக அவன் 'உள்ள பாரு' என்று எழுதினான். தாமதத்துக்குள் பிடித்துவிட்டேன். "பாத்துப் போ" என்றது குரல். அவள் எழுந்துகொண்டாள்.

போகும்போது மாடிக்கு வந்தாள். கண்ணசைவு இன்னும் குறைந்தால் நிரல் எப்படிச் சமாளிக்கும், உள்ளே ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். தரமுடியாது என்றேன்.

"எதுக்கு சார் இவ்வளவு யோசனை? ஒரு மனுஷன் பேசுறதுக்கு உதவுற விஷயம்தானே."

"உங்க வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எதுக்குன்னு நான் கேட்டேனா?" என்றேன்.

அன்றே பூட்டினேன். மருந்துக்கடை நிரலுக்குப் போட்டதெல்லாம் இதற்கு முன்னால் விளையாட்டு. எனக்குத் தெரிந்த வித்தை முழுவதையும் அதில் இறக்கினேன். என் தொழிலில் நான் செய்த ஆகச்சிறந்த வேலை அதுதான். அதைப் பார்க்க இன்றுவரை யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

அதற்குப் பின் அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். திரையைக் கொண்டுவந்து வைத்தால் கண்ணை மூடிக்கொள்வான். மனச்சோர்வு என்று எல்லோரும் சொன்னார்கள். கருவி மட்டும் வேளாவேளைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் நான் அவனுக்குச் சவரம் செய்துவிட்டேன். அண்ணி யாரையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அவனிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. சோப்பு நுரையைத் துடைத்தபடியே சொன்னேன். "நீ சொல்றது எல்லாத்தையும் நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணுகூட வீணாப் போகல. ஆனா எல்லாத்தையும் வெளிய விட முடியாதுண்ணே. நீ நல்லா இருந்தப்போ இப்படிப் பேசுற ஆளா நீ?" எல்லாம் அவன் காதில் விழுந்தது. விழுந்ததற்கு அடையாளமாக ஒரு கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது. சோப்பு பட்டிருக்கலாம்.

நீங்கள் தலையை அசைக்கிறீர்கள். உங்களுக்கு அவனை நோயாளியாக மட்டும்தான் தெரியும். எனக்கு அவனைக் கால்சட்டை போட்ட காலத்திலிருந்து தெரியும். ஒரு மனிதன் வலியில் உளறுவதை எழுத்து பிசகாமல் ஒலிபரப்பினால்தான் நேர்மையா? நான் அவனுடைய நல்ல பேச்சைக் காப்பாற்றினேன். அதற்கு வெட்கப்படமாட்டேன்.

மூச்சு குறைய ஆரம்பித்தது. டாக்டர் வீட்டுக்கு வருகிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தார். இனி இரண்டு வழிதான் என்று அண்ணியிடம் தொலைபேசியில் விளக்கியிருந்தார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தால் மூச்சு கொடுக்கலாம். அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கொஞ்ச காலம் அங்கேயே இருக்கவேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே, வலி தெரியாமல், போகிறவரை போகட்டுமென்று விடலாம். எது என்பதை அவரே சொல்லவேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே கண்ணால் பேசுகிற கருவி இருக்கிறது, அங்கே வந்தால் அதைப் பழக்கிவிடுவார்களாம்.

எங்கள் அப்பா போனதும் கழுத்துக் குழாயோடுதான். அன்று ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்தபடி அண்ணன் என்னிடம் சொன்னான். "எனக்கு இப்படி ஒண்ணு வந்தா குழாயெல்லாம் சொருக விட்டுடாதடா." நல்ல புத்தியோடு, நல்ல உடம்போடு, தன் சொந்த வாயால் சொன்னது. கூட யாரும் இல்லை. நீங்கள் நம்பவேண்டுமென்று நான் கேட்கவில்லை. டாக்டர் வருவதற்கு முதல்நாள் உட்கார்ந்து சில விதிகளைச் சேர்த்தேன். ஆஸ்பத்திரி, குழாய், மூச்சு என்ற சொற்கள் வந்தால் என்ன பேசவேண்டும் என்ற விதிகள். அவன் ஆரோக்கியமாக இருந்தபோது சொன்னதை அவன் குரலிலேயே சொல்லவைத்தேன். இதில் என்னுடைய சொல் எது?

டாக்டர் வந்த அன்று நான் மாடியிலேயே இருந்தேன். இது புருஷனும் பெண்டாட்டியும் முடிவுசெய்கிற விஷயம், நான் எதற்கு என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். அத்தனை நாள் மூடிக்கிடந்த கண்ணை அண்ணன் அன்று திறந்தான். திரையைப் பார்த்தான். எழுதினான். எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"வேணாம் டாக்டர். நான் வீட்டுலயே இருக்கேன்" என்றது அவன் குரல்.

டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படவில்லை. முறைப்படி இன்னொரு தடவை கேட்டார். யோசித்துச் சொல்லுங்கள், உறுதிதானா என்று.

"உறுதி" என்றது.

கீழே அண்ணி அழுத சத்தம் கேட்டது. டாக்டர் அவன் தோளைத் தொட்டு, தைரியமான மனிதர் என்று சொன்னதும் கேட்டது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், பகல் வேளையில், அண்ணி மடியில் தலை இருக்க அவன் போய்ச்சேர்ந்தான். வலி இல்லை. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. வீட்டில், சொந்தக் கட்டிலில், கழுத்தில் குழாய் கிழாய் இல்லாமல். இதைவிட நல்ல சாவை உங்களில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கே போயிருந்தால்தான் என்ன, அங்கிருந்த கருவியில் அவர் பேசியிருப்பாரே என்று நேற்று வந்த உங்கள் அதிகாரி கேட்டார். அதில் வருவது எவனோ ஒருவனின் பொதுக்குரல். இயந்திரக் குரல். அண்ணன் அந்தக் குரலில் பேசுவதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. அவருக்கு அவ்வளவுதான் பதில் சொன்னேன்.

மாட்டிக்கொண்டது எப்படி என்று சொல்கிறேன். அதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம் இருக்கிறது, ஏனென்றால் பூட்டு உடையவில்லை.

அண்ணிக்கு அவன் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்திருக்கிறது. என்னிடம் கேட்க மனமில்லையோ என்னவோ, மூணாவது கியரைக் கூப்பிட்டுக் கருவியைக் கொடுத்திருக்கிறார், குரல் பதிவுகளை மட்டும் எடுத்துத் தரச்சொல்லி. கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார். "கடைசியில என்கிட்ட நன்றி நன்றின்னு ஒரே நன்றி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரு எனக்கு ஒரு தடவை நன்றி சொன்னதில்ல. கேக்கக் கேக்க யாரோ அந்நிய ஆளுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இருந்துச்சு."

அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. அவள் முதலில் என் நிரலைப் பிரிக்கப் பார்த்தாள். காவல் விழித்துக்கொண்டது, நிரல் ஊமையாகிவிட்டது. நகல் எடுத்து வைத்திருந்ததால் மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி சந்துகளில் தொலைந்தாள். பிறகு பிரிப்பதையே விட்டுவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில், சாலைக் குறியீடுகள் மாட்டிய பலகையில் ஒரு முகத்தின் படத்தை ஒட்டி, கண் இருக்கிற இடத்தை வெட்டி, பின்னாலிருந்து காகிதக் கருவிழிகளை நகர்த்தினாள். கேமரா ஏமாந்துவிட்டது. அண்ணன் எழுதுவதைப்போல எழுத்து எழுத்தாக எழுதினாள். பூட்டை அவள் தொடவே இல்லை. வாசலில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போனது எது, வெளியே வந்தது எது என்று பார்த்தாள். கெட்டிக்காரி. ஆனால் அது திறப்பது ஆகாது.

'டீ வேணும்' என்று எழுதினால் டீ வேண்டுமென்றது. திட்டி எழுதினால் களைப்பாக இருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி என்று ஆரம்பித்து எதையெதையோ எழுதிப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை வந்ததும் அண்ணி எழுந்துபோய் வாசலில் நின்றாராம். திரும்பி வந்து, 'ஆஸ்பத்திரிக்குப் போகணும்' என்று எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் மாட்டேன் என்றிருக்கிறாள். அண்ணி அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி அவராகவே நகர்த்தியிருக்கிறார்.

"வேணாம் டாக்டர்" என்றிருக்கிறது, அந்தக் காலி ஆபீஸில், என் அண்ணன் குரல்.

அண்ணி மாடிக்கு வந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கதவருகில் நின்று என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டான், யாரென்று தெரியவில்லை என்பதுபோல. அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

முந்தாநாள் இங்கேயும் வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மெலிந்திருக்கிறார். வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களுக்கு என்ன தண்டனை கிடைச்சாலும் எனக்கு அதுல ஒண்ணுமில்ல. அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ அவரு நிஜமா என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

அது மூல நிரலோடு சேர்ந்த விஷயம், சொல்வதற்கில்லை என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அண்ணியிடம் அப்படிச் சொல்லியிருக்கவேண்டாம். அந்த ஒன்றுக்கு மட்டும், உங்களுக்கு எழுத ஏதாவது வேண்டுமென்றால், வருத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள். விரும்பினால் இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

டாக்டர் முதல் தடவை கேட்டபோது அவன் எழுதியது: 'ஆஸ்பத்திரிக்குப் போலாம். குழாய் போடுங்க. நான் உயிரோட இருக்கணும்.' அதை மாற்றியது நிரல். முதல்நாள் நான் எழுதிய விதி. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது தடவை கேட்டபோது அவன் டாக்டருக்குப் பதில் எழுதவில்லை. எனக்கு எழுதினான். 'டேய், நீ மேல இருக்கேன்னு தெரியும். இதை மட்டும் அப்படியே சொல்லுடா. கெஞ்சிக் கேக்குறேன்.' அந்த வாக்கியத்துக்கு என் நிரலில் எந்த விதியும் இல்லை. அதில் ஆஸ்பத்திரி இல்லை, குழாய் இல்லை, மூச்சு இல்லை. தாமதம் முடிந்ததும் அது அப்படியே அவன் குரலில் அந்த அறைக்குள் போயிருக்கும், அண்ணியும் டாக்டரும் நிமிர்ந்து மேலே பார்த்திருப்பார்கள். நான் அதை நிறுத்திவிட்டு, 'உறுதி' என்று என் கையால் அடித்தேன். அவன் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியதே கிடையாது. அதைப் படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது அவன் பேசுகிற பேச்சே இல்லை.